பொசன் போயாவில் ஒரு தொடை எலும்பு

எலும்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் புதிதாக வருகிற நீங்கள் வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டுக்கு வந்து கேட்பதெல்லாம் கைவேலையைப் பற்றித்தான். கட்டியைச் சுற்றி எவ்வளவு விட்டு வெட்டுவது, இரத்தக்குழாயை எப்படி ஒதுக்குவது, தகடு நல்லதா கம்பி நல்லதா. நானும் தேநீர் கொடுத்து, தெரிந்ததைச் சொல்லி அனுப்புகிறேன். உண்மையில் அதற்கு நான் தேவையில்லை. அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இப்போது கைத்தொலைபேசியிலும் படமாக ஓடுகிறது. காலி வீதி பஸ் சத்தத்துக்கு நடுவே என் தொண்டையைக் காயவைத்து அதைக் கேட்கவேண்டியதில்லை.

எங்கள் வேலையில் கை நடுங்கும் இடம் வேறு. ஒரு பெண்ணின் தொடையைத் திறந்து வைத்திருக்கிறோம், உள்ளே இருக்கவேண்டிய எலும்பு வீதியில் நிற்கிறது என்ற செய்தி வருகிறது. அப்போது என்ன செய்வது என்று எந்தப் படமும் காட்டாது. எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் டிலானி பெர்னாண்டோ. கொட்டாஞ்சேனை. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குகிறவர். டிலானி வீட்டுக்குக் கிட்ட ஒரு சலூனில் மணப்பெண் அலங்காரம் பழகிக்கொண்டிருந்தாள். தொடை எலும்பின் நடுவில் கட்டி வந்திருந்தது. வலியை நாட்கணக்கில் நின்று வேலை செய்வதால் வருவது என்று நினைத்து, எண்ணெய் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். எங்களிடம் வந்தபோது கட்டி நன்றாகத் திரண்டிருந்தது. மருந்து ஏற்றினோம். தலைமுடி முழுவதும் கொட்டியது, கட்டி சுருங்கியது. காலை வெட்டாமல் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை வந்தது.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வாட்டில் அவளைப் பார்க்கப் போனேன். தகப்பன் பக்கத்தில் செபமாலையுடன் இருந்தார். அவள் அவரை வெளியே போய் வரும்படி சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்.

"டொக்டர், நான் கண் முழிக்கிற நேரம் கால் இல்லாட்டி யார் எனக்குச் சொல்லுவாங்க?"

"நான் சொல்லுவன்."

"அப்பா சொல்லக்கூடாது. அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது, உண்மை சொல்லவும் தெரியாது. என்ன நடந்திச்சோ அத நீங்களே அப்படியே சொல்லுங்க."

சரி என்றேன். அந்த இளவயதில் அவ்வளவு நிதானமாகக் கேட்டவர்கள் குறைவு. எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

நாங்கள் அவளுக்குத் திட்டமிட்டிருந்த முறை கேட்பதற்கு விசித்திரமானது. கட்டியுள்ள எலும்புத் துண்டை அப்படியே வெட்டி வெளியே எடுப்போம். அதில் ஒட்டியிருப்பதை எல்லாம் வழித்துச் சுத்தம் செய்து, கிருமி புகாதபடி பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று மூன்று பைகளில் கட்டி, கதிர்வீச்சு இயந்திரத்துக்கு அனுப்புவோம். உடம்புக்குக் கொடுக்கவே முடியாத அளவு கதிர்வீச்சை அந்தத் துண்டுக்குக் கொடுப்பார்கள். நோய் செத்துவிடும், எலும்பும் செத்துவிடும். செத்த எலும்பைத் திரும்பக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே பொருத்துவோம். அவளுடைய எலும்புதான் என்பதால் அளவு பிசகாது. காலப்போக்கில் மேலும் கீழும் இருக்கும் உயிருள்ள எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரேயொரு இடைஞ்சல், கதிர்வீச்சு இயந்திரம் எங்கள் கட்டடத்தில் இல்லை. அது கொழும்பின் மறு பக்கத்தில் இருந்தது. எலும்பு வாகனத்தில் போய் வரும்வரை நோயாளி மயக்கத்தில் கிடக்கவேண்டும்.

வேலை நாட்களில் அந்த இயந்திரத்தின் முன்னால் நோயாளிகள் வரிசையாக இருப்பார்கள். விடுமுறை நாளில் வந்தால் உடனே செய்து தருகிறோம் என்றார்கள். டிலானிக்கு அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் ஒரு போயா விடுமுறை, பௌத்தர்களின் முழுநிலா நாள், வந்தது. பொசன் போயா.

திட்டக் கூட்டத்தில் நான், என் உதவி சத்திரசிகிச்சையாளர், மயக்க மருந்து நிபுணர், சத்திரசிகிச்சைத் தியேட்டர் தாதி, கதிர்வீச்சுப் பகுதியின் நிபுணர் எல்லோரும் இருந்தோம். புத்தர் பிறந்த நாளான வெசாக் என்றால் ஒருவரும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டோம். அன்று கொழும்பில் நடந்து போவதே பெரும்பாடு. பொசன் அப்படியில்லை, சனம் முழுக்க அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் யாத்திரை போய்விடும், கொழும்பு வெறிச்சோடிக் கிடக்கும் என்று ஒருவர் சொன்னார். மற்ற எல்லோரும் தலையாட்டினோம். எல்லோரும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பொசனுக்குக் கொழும்பில் தங்கிவிடுகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், சந்திக்குச் சந்தி தன்சல் போட்டுப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடும் குளிர்பானமும் கொடுப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை நீட்டி மறித்துக் கொடுப்பார்கள், வாங்காமல் போகவும் விடமாட்டார்கள். நாங்களே எத்தனை தன்சலில் வாங்கிக் குடித்திருக்கிறோம். படித்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

எலும்பைக் கொண்டுபோக ஒரு பெட்டி தேவைப்பட்டது. தியேட்டர் தாதி வெள்ளவத்தைக் கடையொன்றில் புது ஐஸ் பெட்டி வாங்கி வந்தார். கடற்கரைக்குப் போகிறவர்கள் சோடாப் போத்தல் கொண்டுபோகும் நீலப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, பெரிய எழுத்தில் டிலானி பெர்னாண்டோ என்று எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. பெயரை எழுதினால் போதும், மாறிப் போகாது என்று நினைத்தோம்.

பெட்டியுடன் போனவர் டொக்டர் ஷாமினி. ஹெந்தளைப் பிள்ளை, அப்போது எங்கள் பிரிவில் ஆக இளைய மருத்துவர். காலையில் வெட்டு நன்றாக அமைந்தது. கட்டி முழுவதும் எலும்போடு வந்தது. நரம்பும் பெரிய இரத்தக்குழாயும் பத்திரமாக இருந்தன. துண்டைச் சுத்தம் செய்து, கட்டிக் கொடுத்தேன். வீதி வெறிச்சோடி இருக்கிறது, வான் பறக்கிறது என்று ஷாமினி தொலைபேசியில் சொன்னார். எங்களுக்கு மெத்தப் பெருமை. இயந்திர வேலையும் குறித்தபடி முடிந்தது. இனித் திரும்பி வருவதுதான் பாக்கி.

காலையில் தன்சல்காரர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நண்பகலுக்குப் பிறகு எல்லாம் திறந்துவிட்டன.

தாதி தொலைபேசியை என் காதருகில் பிடித்தார்.

"சேர், வான் நிக்குது."

"ஏன் நிக்குது?"

"தன்சல் சேர். முன்னுக்கும் பின்னுக்கும் வாகனம். அசைய ஏலாது."

"என்ன தன்சல்?"

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று இன்றும் தெரியாது.

"ஐஸ்கிறீம், சேர்."

மயக்க மருந்து நிபுணர் முகக்கவசத்துக்குள் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஐஸ்கிறீமை வாங்கித் திண்டு போட்டாவது வந்து சேரும்!" என்று கத்தினேன். பிறகு இன்னும் சில சொற்கள் சொன்னேன். அவை அச்சுக்கு ஆகாதவை. எனக்குப் பயிற்சி தந்தவர்களில் ஒருவர் கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவார். நான் எதையும் எறிந்ததில்லை, ஆனால் வாய் அவருடையது. என்னிடம் வேலை பழகியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

காத்திருந்தோம். திறந்த காயத்தை ஈரத்துணியால் மூடிவிட்டு நிற்பது பெரிய தண்டனை. இரத்த அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது, இரத்தம் ஏற்றினார்கள். மயக்க மருந்து நிபுணர் இப்போது சிரிக்கவில்லை. "மிச்ச நேரம் தர ஏலாது" என்றார்.

கடைசியில் லிஃப்ட் கதவு திறந்து ஷாமினி வந்தார். நான் தியேட்டர் வாசலிலேயே நின்றேன். அவர் பெட்டியைத் தாதியிடம் நீட்டவில்லை, மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், பெட்டியத் திறந்துட்டாங்க."

நடந்தது இதுதான். வானுக்கு வழிவிடச் சொல்லிக் கேட்க ஷாமினி இறங்கி முன்னால் போயிருக்கிறார், ஓட்டுநர் பின்னால் நின்ற வாகனத்தை ஒதுக்கச் சொல்லப் போயிருக்கிறார். அந்த நேரத்தில் தன்சல் இளைஞர்கள் பக்கக் கதவைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே புது ஐஸ் பெட்டி, மூடியில் பெயர். யாரோ தன்சலுக்குக் கொடுத்தனுப்பிய ஐஸ்கிறீம் என்று நினைத்து, சந்தோசமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெயர் எழுதி அனுப்பினால் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதுதானே முறை. ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள்: டிலானி பெர்னாண்டோ குடும்பத்தாருக்குப் பின் சித்த வேவா, புண்ணியம் கிடைக்கட்டும். தன் நோயாளியின் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் ஷாமினி திரும்பிப் பார்த்திருக்கிறார். ஓடிப்போன நேரம் ஒருவர் வெளிப் பையைக் கிழித்துவிட்டு, இரண்டாவது பையின் முடிச்சில் கை வைத்திருந்தாராம். ஷாமினி போட்ட சத்தத்தில் அந்த மனிதர் நடுங்கிப் போய்ப் பெட்டியைத் தானே தூக்கி வந்து வானில் வைத்தாராம். மற்றவர்கள் வாகனங்களை எல்லாம் ஒதுக்கி வழியும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு பிழையும் இல்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ரெண்டாவது பை திறந்ததா?"

"திறக்கல்லன்னு நினைக்கிறேன் சேர். முடிச்சு கொஞ்சம் இளகியிருந்திச்சு. அவர் இளக்கினாரா, முந்தியே அப்படித்தானான்னு எனக்கு நிச்சயமாச் சொல்ல ஏலாது."

உள்ளே கொண்டுபோய்க் கவனமாகப் பிரித்தோம். இரண்டாவது பைக்கும் மூன்றாவது பைக்கும் இடையில் சிறிது தண்ணீர் இருந்தது. உருகிய ஐஸ் உள்ளே போனதா, எலும்பை நனைத்து வைத்த உப்பு நீர் வெளியே வந்ததா, எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. எலும்பின் மேல் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். அதன் முடிவு வரச் சில நாட்களாகும். எங்களிடம் இருந்ததோ மிகச் சொற்ப நேரம்.

என் உதவியாளர் கெட்டிக்காரர். "சேர், கழுவி வைப்பம். நிலத்தில விழுந்த எலும்பையே மருந்தில கழுவி வைக்கிறாங்கள். உள்பை முழுசா இருக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறொரு நோயாளி என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இது செத்த எலும்பு. இரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மருந்தும் போகாது, உடம்பின் காவலும் போகாது. அதன்மேல் கிருமி குடியேறினால் வெளியேற்ற வழியில்லை. டிலானிக்கோ மருந்து ஏற்றி உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை. கிருமி பிடித்தால் அடுத்த மருந்தை நிறுத்தவேண்டும். மருந்து நின்றால் கால் மட்டுமல்ல, ஆளே போய்விடுவாள்.

மறுபக்கமும் இருந்தது. எலும்பை வைக்காவிட்டால் இடைவெளியைக் கம்பியாலும் எலும்புச் சீமெந்தாலும் நிரப்பித் தற்காலிகமாக மூடவேண்டும். அது நெடுநாள் தாங்காது. மருந்தெல்லாம் முடிந்தபின் இரண்டாவது தடவை திறந்து, நல்ல காலின் மெல்லிய எலும்பை எடுத்து இந்தக் காலில் வைக்கவேண்டும். ஒரு சத்திரசிகிச்சை இரண்டாகும், ஒரு கால் வெட்டு இரண்டு காலுக்கும் ஆகும்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் "சீமெந்து கலவுங்கோ" என்றேன். அந்த எலும்பு நோயியல் கூடத்துக்குப் போனது.

டிலானி கண்விழித்துத் தெளிந்ததும் நானே போய்ச் சொன்னேன். கால் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். பிறகு பெட்டி, தன்சல், ஒலிபெருக்கி, தண்ணீர், நான் எடுத்த முடிவு, இரண்டாவது சத்திரசிகிச்சை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஷாமினி சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்பதையும் சொன்னேன்.

"என்ட பேரையா ஸ்பீக்கர்ல சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஓம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது, வலியில் கண்ணீரும் வந்தது. தகப்பன் சிரிக்கவில்லை. "என்ட புள்ளட எலும்ப சோடாப் பெட்டியில வெச்சு ரோட்டுல கொண்டு திரிஞ்சிருக்கீங்க" என்றார். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

பரிசோதனை முடிவு வந்தது. ஒரு கிருமியும் வளரவில்லை. எலும்பு சுத்தமாகவே இருந்திருக்கிறது.

பெரியவர் நல்ல எலும்பை எறிந்துவிட்டார் என்று நடைபாதையில் கதைத்தார்கள். என் காதுபடவே கதைத்தார்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும், அதனால் சொல்கிறேன். அந்த முடிவு வந்த பிறகும் நான் என் மனதை மாற்றவில்லை. சீமெந்து கலக்கச் சொன்ன நேரத்தில் எங்கள் கையில் இருந்தது ஓர் இளகிய முடிச்சும் கொஞ்சம் தண்ணீரும். அதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். பிறகு வந்த தாளைக் காட்டி முன்பு எடுத்த முடிவை அளப்பது சுலபம். அந்தத் தாள் கையில் இருந்தால் யாருக்குத்தான் சத்திரசிகிச்சை செய்யத் தெரியாது? அதே நிலை மறுபடி வந்தாலும் சீமெந்துதான் கேட்பேன். இப்படிச் சொல்வதால் எனக்கு வருத்தமே இல்லை என்று நினைக்கவேண்டாம். நிறைய இருந்தது.

ஷாமினியைப் பற்றி ஒன்று. வானில் வரும்போது ஓட்டுநர் அவரிடம், "மிஸ், சேர்ட்ட கியன்ன எபா" என்று கெஞ்சியிருக்கிறார். சேரிடம் சொல்லவேண்டாம், எங்கள் இரண்டு பேரையும் தின்றுவிடுவார் என்று. இதை ஷாமினி எனக்குச் சொன்னது அவர் வேறு வைத்தியசாலைக்கு மாறிப் போகும்போதுதான். புதுப் பையொன்றில் போட்டுக் கட்டினால் எவருக்கும் தெரியாது என்று லிஃப்டில் அவரும் யோசித்தாராம். பிறகு ஏன் சொன்னீர் என்று கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"லிஃப்ட் திறக்கிற நேரம் நீங்க வாசல்லயே நின்னீங்க சேர். யோசிச்சு முடிக்க நேரம் கிடைக்கல்ல" என்றார்.

நான் அதை நம்பவில்லை. வேறொருவர் என்றால் என் வாய்க்குப் பயந்து அந்த வாசலில் பொய் சொல்லவே அவசரப்பட்டிருப்பார். மற்றவர்கள் அப்படிச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பிறகு தியேட்டரில் என் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள முயன்றேன். முழுதாக வெற்றி என்று சொல்லமாட்டேன், என் தாதிகளைக் கேட்டால் சிரிப்பார்கள்.

டிலானியின் மருந்துகள் முடிந்தன, முடி முளைத்தது. நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கக் கூப்பிட்டேன். ஊன்றுகோலுடன் வந்து உட்கார்ந்து, தன் நல்ல காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த எலும்புல கிருமி இருந்திச்சா டொக்டர்?"

"இல்லை."

"அப்ப அத வெச்சிருந்தா, இந்தக் கால வெட்டத் தேவைப்பட்டிருக்காது?"

"பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது."

அவள் அழுதாள். மூன்று பைகளையும் தண்ணீரையும் பற்றி மறுபடி விளக்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அவளுக்கு அது தெரியும். அவளுடைய கால், அவளுடைய நட்டம். ஆறுதல் சொல்லும் தகுதி அன்று எனக்கு இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஷாமினி டொக்டர் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"வேற ஆசுபத்திரிக்கு மாறிப் போயிட்டா."

"இந்த ஒபரேஷனுக்கு அவங்க வரணும்."

"அவ இப்ப இந்த வேலை செய்யிற ஆள் இல்லை, பிள்ளை. உள்ளுக்கு நிண்டாலும் அவவுக்கு வேலை இருக்காது."

"வேல செய்யத் தேவையில்ல. வெட்டுறது நீங்க வெட்டுங்க. ஏதாவது பிழைச்சா வாயத் திறக்கிற ஆள் ஒண்டு உள்ளுக்கு நிக்கணும்."

நானும் சொல்லுவேன் என்றேன். "ஓம், நீங்களும் சொல்லுவீங்க" என்றாள், பெரியவர்களின் மனம் நோகாமல் பேசுகிற குரலில்.

ஷாமினி லீவு போட்டுவிட்டு வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, டிலானியின் கண்ணில் படும் இடத்தில் நின்றார். அவரைப் பார்த்த பிறகுதான் அவள் மயக்க மருந்துக்குக் கையை நீட்டினாள். எலும்பு நன்றாகப் பிடித்தது. இன்று கொட்டாஞ்சேனையில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சலூன் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், நாள் முழுவதும் நிற்கிறாள்.

என் கையை நம்பி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். சும்மா பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.